கிழக்கே பிடித்த மீன்

ஹில்மாருக்கு வருகிற மாதம் எண்பது வயது. ஸ்கார்விக் சர்ச்சில் வருடா வருடம் போடுகிற மலரில், எண்பதைத் தொட்டவர்களைப் பற்றி ஒரு பக்கம் எழுதுவது வழக்கம். இந்த முறை யாரும் பேனாவைத் தொடவில்லை. கடைசியில் பாதிரியார் என் தலையில் கட்டினார்.

"நீதான் அவனோட தம்பி பொண்டாட்டி, மாக்னா. நல்லதா நாலு வார்த்தை எழுதிக் குடுத்துடு."

நாலு வார்த்தை போதுமென்றால் இங்கேயே முடித்துவிடலாம்: பிறந்தான், மறைத்தான், இழந்தான், இருக்கிறான். ஆனால் ஒரு பக்கம் நிரம்ப வேண்டுமாம். எழுதுகிறேன். இதை அவர்கள் போடப்போவதில்லை என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். ஆள் இப்போது முதியோர் இல்லத்தில் இருக்கிறான். சாப்பாட்டு நேரத்தில் பக்கத்தில் யாராவது வந்து உட்கார்ந்தால், ரொட்டியில் என்ன தடவியிருக்கிறது என்று தெரியாதபடி கையால் தட்டை மறைத்துக்கொள்கிறான். பணிப்பெண்கள் அதை வயோதிகம் என்கிறார்கள். இருபது வயதிலும் அவன் அப்படித்தான் தின்றான்.

எங்கள் துறைமுகத்தில் பொய் சொல்லாத மீனவன் ஒருவனும் இல்லை, அதை ஒப்புக்கொள்கிறேன். நான் மீன் ஆலையில் அறுக்கும் மேசையில் முப்பத்தொரு வருடம் நின்றவள். படகு வந்து மீனைக் கொட்டியதும் ரசீதில் ஒரு கட்டத்தை நான் நிரப்ப வேண்டும்.

"எங்க பிடிச்சே?"

"கிழக்கே."

பதின்மூன்று படகுகளும் இதையேதான் சொல்லும். கிழக்கே இருப்பது சேற்றுவெளி. நோவா பேழையை விட்டு இறங்கின நாள் முதலாக அங்கே புழுவையும் நட்சத்திர மீனையும் தவிர எதுவும் கிடைத்ததில்லை. சொல்கிறவனுக்கும் அது தெரியும், எழுதுகிற எனக்கும் தெரியும். எழுதிக்கொள்வேன். ஒருவனிடம் அவன் மீன் பிடிக்கிற இடத்தை மெய்யாகவே விசாரிப்பது, அவன் படுக்கையறையை எட்டிப் பார்ப்பதற்குச் சமம். மானமுள்ளவர்கள் கேட்க மாட்டார்கள். மற்றவர்கள் இந்தப் பொய்யைத் துறைமுகத்தில் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்க் காலை நீட்டிப் படுத்தார்கள். ஹில்மார் அதை வீட்டுக்கும் தூக்கிக்கொண்டு போனான். யூடித் என்று ஒருத்தி அவனைக் கட்டிக்கொண்டு நாலு மாதம் இருந்தாள். எங்கே போகிறாய் என்றால் "வெளிய", எப்போது வருவாய் என்றால் "அப்புறம்". ஐந்தாம் மாதம் அவள் கரையோரக் கப்பலில் ஏறும்போது, எங்கே போகிறாய் என்று இவன் கேட்டான். "கிழக்கே" என்று சொல்லிவிட்டுப் போனாள். எங்கள் ஊரில் வாழ்ந்த பெண்களில் எனக்கு மதிப்பு உள்ள ஒரே ஒருத்தி அவள்தான்.

அவன் அப்படிக் காத்த இடத்தைச் சொல்லிவிடுகிறேன், இனி யாருக்கும் நட்டமில்லை. கரையிலிருந்து வடமேற்கே பதினெட்டு கடல்மைல். பறவைப்பாறைக்குப் பின்னால் இருக்கிற மலையின் பள்ளம் கறுப்புமுனைக்கு நேர் மேலே வர வேண்டும். இரட்டைக் குன்றுகளில் சின்னது பெரியதுக்குப் பின்னால் அப்போதுதான் மறைந்திருக்க வேண்டும். இரண்டு கோடும் வெட்டிக்கொள்கிற புள்ளிதான் இடம், மீனவர்கள் இந்தக் குறியைக் கணியம் என்பார்கள். அதற்குக் கீழே அறுபது பாக ஆழத்தில் கடலடிப் பாறை. தென்மேற்கிலிருந்து வருகிற வெதுவெதுப்பான நீரோட்டமும், வடக்கே பனிக்கட்டிப் பக்கமிருந்து இறங்குகிற தண்ணீரும் அங்கேதான் ஒன்றோடொன்று முட்டும். மார்ச்சில் கேப்லின் என்கிற பொடிமீன் முட்டையிடக் கோடி கோடியாக வரும். அதைத் தின்னக் காட் மீன் வரும். இரண்டையும் தின்னத் திமிங்கிலம் வரும். எல்லாவற்றுக்கும் மேலே பறவைகள் கத்திக்கொண்டு சுற்றும். பேரண்ட்ஸ் கடல் முழுக்கத் தேடினாலும் அந்த ஒரு பாறைக்கு ஈடு சொல்ல எனக்குத் தெரியவில்லை. அங்கே பிடிக்கிற காட் ஒவ்வொன்றும் பன்றிக்குட்டி கனம் இருக்கும்.

இது ஏதோ தலைமுறை தலைமுறையாக அவன் கைக்கு வந்த சொத்து என்று நினைக்க வேண்டாம். அவனுடைய அப்பன் இரண்டு மகன்களில் ஒருவனுக்கும் இடத்தைச் சொல்லவில்லை. அவன் அப்படி ஒரு மகராசன். ஹில்மார் பத்தொன்பது வயதில் மாமன் படகை இரவல் வாங்கி, அடிவானத்தில் தள்ளி நின்று, தூரக்கண்ணாடி வழியாகப் பெற்ற தகப்பனையே மூன்று நாள் வேவு பார்த்து இடத்தைப் பிடித்தான். அப்பனிடமிருந்து திருடினதைத்தான் பிறகு முப்பத்துச் சொச்ச வருடம் திருடர்களிடமிருந்து காத்தான்.

காத்த லட்சணம் இதுதான். அடிவானத்தில் ஒரு படகு தலை காட்டினால் போதும், உடனே தூண்டில் கயிறு மொத்தத்தையும் சுருட்டிக்கொண்டு கிழக்கே சேற்றுவெளிக்கு ஓடுவான். அங்கே போய்க் கயிற்றை இறக்கி, மீன் பிடிக்கிற மாதிரி அரை நாள் உட்கார்ந்திருப்பான். மூடுபனி இறங்கினால் மட்டும் அவன் முகத்தில் வெளிச்சம் வரும். மூடுபனியில் எவன் கண்ணுக்கும் தெரியாதாம். பெர்ன்ட் என்பவனுடைய புதுப் படகில் ராடார் வைத்திருந்தார்கள். மூடுபனியானாலும் அதன் திரையில் ஹில்மார் அரிசி மணி போலப் பளிச்சென்று தெரிந்தான். பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடுமா? பெர்ன்ட் தன் கூட்டாளி ராங்வால்டிடம் சொன்னான். அதன் பிறகு இரண்டு பேரும் முறை வைத்துக்கொண்டார்கள். ஒருவன் படகை அடிவானத்தில் காட்டுவான். ஹில்மார் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு கிழக்கே ஓடுவான். மற்றவன் சாவகாசமாகப் பாறைமேல் நின்று படகை நிரப்புவான். வருடக்கணக்கில் இது நடந்தது. ஹில்மார் சேற்றில் உட்கார்ந்துகொண்டு, தான் எல்லோரையும் ஏமாற்றுவதாக நினைத்துக்கொண்டிருந்தான்.

எனக்கு எப்படித் தெரியும் என்றால், மீன் சொல்லும். அந்தப் பாறையில் மட்டும் ஆரஞ்சு நிறத்தில் முள்முள்ளாக ஒரு கடல்பஞ்சு வளர்கிறது. அங்கே மேய்ந்த காட் மீனின் தொண்டையில் அதன் துணுக்கு ஒட்டியிருக்கும். ஹில்மார் ஒவ்வொரு மீனையும் கடலிலேயே அறுத்துக் கழுவித் துடைத்துத்தான் கொண்டுவருவான். திருடர்களுக்கு அந்தப் பொறுப்பு கிடையாது. பெர்ன்டின் மீனிலும் ராங்வால்டின் மீனிலும் அந்தத் துணுக்கை என் கத்தியால் எத்தனையோ தடவை வழித்துப் போட்டிருக்கிறேன். "கிழக்கே" என்று எழுதியும் கொடுத்திருக்கிறேன்.

என் வீட்டுக்காரன் எட்வின் பதினோரு வருடம் அண்ணன் படகில் வேலை செய்தான். ஒரு பிப்ரவரியில் பாறைக்கு நேர் மேலே இயந்திரம் நின்றுவிட்டது. ரேடியோவில் உதவி கேட்டால் முதலில் இருக்கிற இடத்தைச் சொல்ல வேண்டும். எட்வின் ரேடியோவை எடுத்தான்.

"தொடாதே" என்றான் ஹில்மார்.

"செத்துப் போயிடுவோம்டா."

"கொஞ்சம் பொறு. நீரோட்டம் கிழக்காலதானே இழுக்குது. பாறையைத் தாண்டினதும் கூப்பிடலாம்."

பத்தொன்பது மணி நேரம் பொறுத்தார்கள். எட்வினுடைய கையுறை நனைந்து உறைந்து, இடது கையில் மூன்று விரல் நுனி போனது. ஹில்மார் ஒரு காப்பிப் பொட்டலத்தோடு ஆஸ்பத்திரிக்கு வந்தான். கட்டிலில் குனிந்து, "ஒருத்தனுக்கும் தெரியல, எட்வின். கிழக்கேன்னுதான் நெனச்சுட்டிருக்காங்க" என்றான். என் வீட்டுக்காரன் கட்டுப் போட்ட கையோடு சிரித்தான். ஹில்மாரை நான் வெறுத்தது விரலுக்காக. எட்வினோடு ஒரு வாரம் பேசாமல் இருந்தது அந்தச் சிரிப்புக்காக.

அதன் பிறகு எட்வின் தனியாக ஒரு சின்னப் படகு வாங்கினான். முதல் மாதமே அவன் மீனின் தொண்டையிலும் ஆரஞ்சுத் துணுக்கு இருந்தது. நான் ஒன்றும் கேட்கவில்லை. அவனே ஒரு மத்தியானம் உருளைக்கிழங்கை மென்றுகொண்டே, "பதினோரு வருஷம் கண்ணை மூடிட்டா இருந்தேன்?" என்றான். மூன்று விரலுக்கு அது நியாயமான ஈடு என்று எனக்கும் பட்டது.

இப்படியே போயிருந்தால் ஒரு கேடும் வந்திருக்காது. ஒரு செப்டம்பரில் தலைநகரத்திலிருந்து சின்னோவே என்று ஒரு இளம்பெண், விலைச்சீட்டுகூடக் கழற்றாத ரப்பர் பூட்ஸோடு வந்து இறங்கினாள். கடலடியில் எண்ணெய் இருக்கிறதா என்று தேட எங்கெங்கே அனுமதிக்கலாம் என்று அரசாங்கம் முடிவு செய்யப்போகிறது. மீன் பிடிக்கிற இடங்களை விட்டுவிடுவார்கள். எது மீன் பிடிக்கிற இடம் என்று மீனவர்களே வரைபடத்தில் குறித்துக் கொடுத்தால் போதும். கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரி. பள்ளிக்கூட அறையில் ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கூப்பிட்டு, கதவைச் சாத்தி, கையில் பென்சில் கொடுத்தாள். ஒவ்வொருவனும் நற்கருணை வாங்கினவன் முகத்தோடு வெளியே வந்தான்.

சூரியன் தலையே காட்டாத ஜனவரியில் அச்சடித்த வரைபடம் வந்தது. மீன் ஆலைச் சுவரில் மாட்டினார்கள். கிழக்கே சேற்றுவெளி முழுக்க இரத்தச் சிவப்பு. 'மிகச் செழிப்பான மீன்பிடி நிலம், எக்காலத்துக்கும் பாதுகாக்கப்பட்டது.' ஹில்மாரின் பாறை இருந்த இடம் வெள்ளை வெளேரென்று கிடந்தது. பதின்மூன்று பென்சிலும் ஒரே பொய்யைக் குறித்திருந்தன. என் ரசீதுகளும் அதையேதான் சொன்னதால், எல்லாம் ஒத்துப்போகிறது என்று எழுதியிருந்தார்கள். இவ்வளவு ஒற்றுமையான மீனவர்களைத் தான் கண்டதே இல்லை என்று சின்னோவே தொலைபேசியில் ஆலை மேலாளரிடம் சொன்னாளாம்.

ஆண்கள் அந்த வரைபடத்தின் முன்னால் தொப்பியைக் கழற்றி நின்றார்கள். மற்ற பன்னிரண்டு பேராவது உண்மையைச் சொல்லியிருக்கக் கூடாதா என்று ஒவ்வொருவனுக்கும் கோபம்.

"மானங்கெட்ட பசங்க" என்றான் பெர்ன்ட், யாரையும் பார்க்காமல். "அரசாங்கத்துகிட்டயேவா பொய் சொல்லுவாங்க?"

கோடைக்கு முன்பே சோதனைக் கப்பல் வரும், வெள்ளையாக இருக்கிற இடத்திலெல்லாம் மீன்பிடிக்கத் தடை, பிறகு துளை போடுவார்கள் என்று தகவல் வந்தது. ஆட்சேபம் இருந்தால் பிப்ரவரிக் கூட்டத்தில் சொல்லலாம். கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்னால் ஹில்மார் எங்கள் வீட்டுக்கு வந்தான். ஒன்பது வருடம் கழித்து வருகிறான். அவித்த மீனும் ஈரலும் வைத்தேன். தட்டை மறைக்கக்கூட மறந்து உட்கார்ந்திருந்தான்.

"எட்வின், சொல்லிடட்டுமா?"

"சொல்லு."

"சொன்னா எல்லாப் பயலும் அங்க வந்துருவானே."

"சொல்லாட்டி கப்பல் வந்துரும்."

"அந்த இடம் போச்சுன்னா..." என்று ஆரம்பித்து அவன் நிறுத்திக்கொண்டான். ஐம்பத்திரண்டு வயது. பெண்டாட்டி இல்லை, பிள்ளை இல்லை, உட்கார்ந்து பேச ஒரு சிநேகிதன் இல்லை. அந்தப் பாறை போனால் ஹில்மார் என்று சொல்லிக்கொள்ள அவனிடம் எதுவுமே மிச்சமிராது. எனக்கே ஒரு நொடி பாவமாக இருந்தது. எல்லாரும் ஏற்கெனவே வந்துகொண்டுதான் இருக்கிறார்கள், நானும்தான் வருகிறேன் என்று எட்வின் அப்போதே சொல்லியிருக்கலாம். வாய் நிறைய ஈரலை வைத்துக்கொண்டு மென்றான்.

கூட்டம் பிரார்த்தனைக் கூடத்தில் நடந்தது. காப்பியும் ஜாம் வைத்த வாஃபிளும் வைத்திருந்தார்கள். இவை இல்லாவிட்டால் எங்கள் ஊரில் இறுதித் தீர்ப்பு நாளுக்குக்கூட ஆள் வராது. சின்னோவே வரைபடத்தைப் பலகையில் மாட்டிவிட்டு, "யாருக்காவது ஆட்சேபம் இருக்கா?" என்று கேட்டாள்.

ஹில்மார் எழுந்தான். பலகைவரை நடந்தான். பென்சிலை வாங்கி, பரீட்சையில் பக்கத்துப் பையனுக்குக் காட்டாமல் எழுதுகிறவனைப் போல இடது கையால் மறைத்துக்கொண்டு, வெள்ளைக்கு நடுவில் ஒரு சிலுவை போட்டான். பிறகு, கையை எடுக்க வேண்டியிருந்ததால் எடுத்தான்.

"இங்க."

"இங்க என்ன?" என்றாள் சின்னோவே.

"மீன்."

"எத்தனை வருஷமா பிடிக்கிறீங்க?"

"முப்பத்திமூணு."

அவள் காகிதங்களைப் புரட்டினாள். "செப்டம்பர்ல கிழக்கேன்னு குறிச்சிருக்கீங்களே. ஏன் அப்படி?"

ஹில்மாருக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை. "நீ கேட்டே, அதான்" என்றான்.

கூடமே சிரித்தது. சின்னோவே சிரிக்கவில்லை. ஒரு படகு சொன்னால் கணக்கில் எடுக்க முடியாது, இப்போது அங்கே மீன் பிடிக்கிற இன்னும் இரண்டு படகுகள் ஆமென்று சொல்ல வேண்டும், மொத்தம் மூன்று படகு இருந்தால் அந்த வெள்ளையைச் சிவப்பாக்கிவிடலாம் என்று விளக்கினாள். அந்தப் பெண் மெய்யாகவே உதவி செய்யத்தான் பார்த்தாள். "மூணு போதும்" என்று விரலை நீட்டி இன்னொரு தடவையும் சொன்னாள்.

பெர்ன்ட் தன் வாஃபிளின் மூலை முடுக்கெல்லாம் ஜாமைத் தடவினான். ராங்வால்ட் அடுப்பில் எரிகிற விறகைப் பார்த்தான். எட்வின் கையைச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டான். கையைத் தூக்கினால், அடுத்தவன் இடத்தில் ஒளிந்து மீன் பிடித்த திருடன் என்று ஊருக்கு முன்னால் ஒப்புக்கொண்டதாகிவிடும். கடலைப் பறிகொடுத்தாலும் கொடுப்பார்களே தவிர அதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். எனக்கு அருவருப்பு எழுந்தது. அதோடு நானும் எழுந்தேன்.

"பெர்ன்ட் அங்கதான் பிடிக்கிறான். ராங்வால்டும் அங்கதான் பிடிக்கிறான். அவங்க மீனோட தொண்டையில ஆரஞ்சுப் பஞ்சு ஒட்டியிருக்கு. அது அந்தப் பாறையைத் தவிர வேற எங்கயும் மொளைக்காது."

பெர்ன்ட் நிதானமாக வாயைத் துடைத்துக்கொண்டான். "மாக்னா, மீனுக்குக் கால் இல்லேன்னாலும் வால் இருக்குல்ல? அங்க தின்னுட்டுக் கிழக்கால வந்து மாட்டுது. நான் என்ன பண்ண?"

மறுபடியும் சிரிப்பு. சின்னோவே என்னைப் பார்த்தாள். "வேற யாராவது இருக்காங்களா? நீங்க நேரடியா அறிஞ்சவங்க?"

இருந்தான். எனக்கு அடுத்த நாற்காலியில் சட்டைப்பையில் கையை விட்டு உட்கார்ந்திருந்தான். தன் புருஷன் பெயரையே ஒருத்தி சொல்லியிருந்தால் மீதி இரண்டையும் சின்னோவே நம்பியிருப்பாள். வாய்வரை வந்த பெயரை நான் விழுங்கினேன்.

அதற்குள் ஹில்மார் திரும்பினான். பெர்ன்டைப் பார்த்துத்தான் பாயப்போகிறான் என்று நினைத்தேன். என்னைப் பார்த்துப் பாய்ந்தான்.

"வாய மூடு, மாக்னா! என் எடத்துல வேற எவனும் கால் வச்சது இல்ல. முப்பத்திமூணு வருஷமாக் காவல் காக்குறேன். வந்திருந்தா எனக்குத் தெரியாதா?"

"அப்போ ஒரு படகுதானா?" என்றாள் சின்னோவே. அதை அவள் மெதுவாக, அவனுக்கு யோசிக்க நேரம் கொடுத்துத்தான் கேட்டாள்.

"ஒரே படகு" என்றான் ஹில்மார். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, பரிசு வாங்குகிறவன் போலச் சொன்னான்.

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். சின்னோவே எழுதிக்கொண்டாள். பெர்ன்ட் இன்னொரு வாஃபிள் எடுத்தான்.

வீட்டுக்குப் போகிற வழியில் பனியில் காலை உதைத்து நடந்தேன். "கைய ஏன் தூக்கல?" என்று எட்வினைக் கேட்டேன்.

"நீ ஏன் என் பேரைச் சொல்லல?" என்றான்.

மே மாதம் கப்பல் வந்தது. நீளநீளமாகக் கம்பிவடத்தை இழுத்துக்கொண்டு எண்ணெய் தேடித் தண்ணீருக்குள் வேட்டு வெடித்தபடி ஒரு கோடை முழுக்க மேலும் கீழும் போனது. மீன் எங்கே போயிற்றோ தெரியாது. பிறகு ஒரு துளை போட்டார்கள். ஒன்றுமில்லை என்று எழுதி வைத்துவிட்டு, எங்கள் ஊர்ப் பெயரைக்கூடச் சரியாக உச்சரிக்கத் தெரியாமல் திரும்பிப் போனார்கள். அவர்களைப் பற்றிப் பேசுவதற்கு எனக்கு நேரமில்லை. நான் சொல்ல வந்தது கப்பல் வந்த முதல் நாளைப் பற்றி.

அன்று காலை ஒன்பது மணியிலிருந்து தடை. எட்டு மணிக்கே கடலில் தடித்த மூடுபனி. மீன் ஆலையில் ரேடியோ எப்போதும் திறந்தே இருக்கும், படகுகள் பேசுவது எங்களுக்குக் கேட்கும். கப்பலுக்குத் துணையாக வந்த காவல் படகு கூப்பிட்டது. தெற்கத்திப் பேச்சு, ரொம்ப மரியாதை.

"தடைப் பகுதிக்குள்ள நாலு மீன்பிடிப் படகு எங்க ராடார்ல தெரியுது. தயவுசெய்து தூண்டில், வலை எல்லாத்தையும் எடுத்துட்டு வெளியேறுங்க. வரைபடத்தின்படி இது மீன்பிடி இடம் இல்ல."

ஹில்மாரின் குரல் உடனே கேட்டது. "ஒரு படகுதான் இருக்கு. உன் ராடார் கெட்டுப்போச்சு. இங்க இருக்கிறது நான் மட்டும்தான்."

"இல்லீங்க, நாலு இருக்கு. பக்கத்துல போய்ப் பேரையும் படிச்சுட்டோம்." அந்த ஆள் நிறுத்தி நிறுத்தி வாசித்தான். முதல் பெயர் ஹில்மாருடைய படகு. இரண்டாவது 'சுனீவா', அது பெர்ன்டுடையது. மூன்றாவது 'ஹாவ்லி', ராங்வால்டுடையது. "நாலாவது 'மாக்னா'" என்றான்.

அறுக்கும் மேசையில் எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. எட்வின் படகுக்கு என் பெயரைத்தான் வைத்திருந்தான்.

மூடுபனிக்குள் ஒருவரை ஒருவர் பார்க்க முடியாமல் நாலு பேரும் அந்தப் பாறைமேல் நின்றுகொண்டிருந்தார்கள்.

"எட்வின்" என்றான் ஹில்மார். "நீயுமா?"

"ஆமாண்ணே" என்றான் எட்வின். எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு அவன் ஹில்மாரை அண்ணே என்று கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

"எத்தனை வருஷமா?"

"ஒம்போது."

"பெர்ன்ட்?"

பெர்ன்ட் கனைத்துக்கொண்டான். "பதினாலு இருக்கும்."

கத்துவான், கெட்ட வார்த்தையில் குளிப்பாட்டுவான், எட்வின் படகின்மேல் தன் படகைக் கொண்டுபோய் மோதினாலும் மோதுவான் என்று நான் காத்திருந்தேன். ஹில்மார் கத்தவில்லை. ஒரு கணக்கைத் தனக்குத்தானே போட்டுப் பார்க்கிறவன் மாதிரி, மெல்லத்தான் பேசினான்.

"நாலு படகு இருந்திருக்கு. மூணு போதும்னுதானே அந்தப் பொண்ணு சொன்னா."

அவன் இயந்திரத்தைக் கிளப்புகிற சத்தம் கேட்டது. என் கையில் பாதி அறுத்த மீன் இருந்தது. அவனைத் திட்டுவதற்கென்று இருபது வருடமாக நான் சேர்த்து வைத்திருந்த வார்த்தைகள் அத்தனையும் அப்போது வாயில் வந்து நின்றன. அதில் ஒன்றைக்கூட அவன்மேல் போட என்னால் முடியவில்லை.